வெளியே பார்க்க வேண்டிய முகங்கள்

கண்காட்சி சாயங்காலம்தான். ஆனால் காலையிலேயே அந்தக் கூடத்துக்குள் இரண்டு பேர் நுழைந்துவிட்டார்கள். ஒருத்தி பேசாதவள். இன்னொருவன் அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவன்.

பேசாதவளுக்குப் போலீஸ் வேலையில் இருந்தபோதே மௌனி என்று பெயர் விழுந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பெயர் விடவில்லை. விடாமல் ஒட்டிக்கொண்ட இன்னொன்று பட்டாசு. முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். செத்தால் என்ன கிடைக்கும் என்பதை உயிரோடு இருப்பவர்களுக்குச் சிரித்த முகத்தோடு விளக்கிப் பழகியவன். நாற்பதைத் தாண்டியும் வாய்க்கு மட்டும் வயது ஏறவில்லை.

"அக்கா, எல்லாம் நம்மளையே முறைக்குது" என்றான் அவன். "கடன்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

மௌனி உள்ளே நடந்தாள். கூடத்தின் நடுவில் நின்றாள். சுற்றிலும் வட்டமாக மண் பொம்மைகள். இடுப்பு உயரம். கீழ்ப்பாதி வெறும் குழாய். அதற்கு மேல் ஒரு பெண்ணுடல், ஒரு முகம். கண்ணையும் வாயையும் வரையவில்லை, வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டைகளுக்குப் பின்னால் இருட்டு. ஒவ்வொரு பொம்மையும் ஒரு கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றது. வராதே என்பது போல.

நல்ல வேலை. அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் நிற்க நிற்க அவளுக்கு என்னவோ தலைகீழாக இருப்பது போல் பட்டது. எது என்று பிடிபடவில்லை.

"சரியான இடத்துல நிக்கறீங்க!" கூடத்தின் சொந்தக்காரி செருப்பொலியோடு வந்தாள். கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி ஊசலாடியது. "நடுவுல நின்னாத்தான் அதோட வீரியம் தெரியும். நீங்க...?"

"எங்க அக்கா. பெரிய ரசிகை" என்றான் பட்டாசு. "ரசனை அதிகமானதுல பேச்சு நின்னுபோச்சு. டாக்டர் கைவிட்டுட்டார்."

சொந்தக்காரி அதை நம்பினாளோ இல்லையோ, வாங்க வந்தவர்கள் என்று நம்பிவிட்டாள்.

"இதுக்கு ஹனிவான்னு பேர். ஜப்பான்ல ரொம்பப் பழைய காலத்துல பெரிய ஆளுங்க செத்துட்டா, மேடு கட்டிப் புதைப்பாங்க. அந்த மேட்டுல இந்த மாதிரி பொம்மைங்களை வரிசையா நட்டு வைப்பாங்க. நம்ம சிற்பி அங்க போய் ரெண்டு வருஷம் இருந்து கத்துக்கிட்டு வந்தவர். அதை அப்படியே இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்திருக்கார்."

"செத்தவங்களுக்கு வாட்ச்மேன்" என்றான் பட்டாசு. "ராத்திரி தூங்காத ஒரே வாட்ச்மேன் உலகத்துலயே இதுதான்."

"அவர் சம்சாரமும் செய்வாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் மௌனி. கூடத்துக்குள் வந்து அவள் பேசிய முதல் வாக்கியம்.

சொந்தக்காரியின் குரல் தணிந்தது. "செஞ்சாங்க, கூடமாட ஒத்தாசையா. போன மழைக்காலத்துக்கு முன்னாடி அவரை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லாம. அந்த வலியில பொறந்ததுதான் இது அத்தனையும். இதுல எதுவுமே அவங்க இருந்தப்ப செஞ்சது இல்ல. அதுக்கு முன்னாடி அவர் செஞ்சதெல்லாம்..." அவள் நல்ல வார்த்தையாகத் தேடினாள்.

"சுமாரா இருக்கும்?"

"பளபளன்னு இருக்கும்."

பட்டாசு புரிந்துகொண்டு தலையாட்டினான்.

"நடுவுல ஒரு குதிரை செஞ்சு குடுங்கன்னு கேட்டேன். பழைய காலத்துல குதிரையும் செய்வாங்க. மாட்டேனுட்டார். எது வருதோ அதுதான் வரும்னுட்டார். கலைஞன் இல்லையா!"

"இப்ப வீட்டுல தனியாவா இருக்கார்?" என்றான் பட்டாசு.

"அம்மா இருக்காங்க. பாவம், அவங்களுக்கு மண் தூசியே ஒத்துக்காதாம். வெளிய தலை காட்டறதே இல்ல." உள்ளே தொலைபேசி அடித்தது. "ஒரு நிமிஷம். பார்த்துட்டே இருங்க. தொட மட்டும் வேண்டாம்."

அவள் போனதும் மௌனி பக்கத்துப் பொம்மையைத் தொட்டாள்.

"சாய்ச்சுப் பிடி."

"உடைஞ்சா?"

"உடைக்காமப் பிடி."

பட்டாசு பொம்மையைக் குழந்தையைப் போல மார்பில் சாய்த்துக்கொண்டான். அடிப்பக்கம் திறந்த குழாய். மௌனி முதலில் குழாயின் வெளிப்புறத்தைப் பார்த்தாள். அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை நிறம் மங்கி, அதற்கு மேல் ஒரு கோடு. வெள்ளம் வடிந்த சுவரில் இருக்குமே, அப்படி ஒரு கோடு. விரலால் தேய்த்தாள். பொடி உதிர்ந்தது. பொடியோடு நூல் மாதிரி ஏதோ ஒன்று. அதை நகத்தால் இழுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

பிறகு வலது கையை உள்ளே விட்டாள்.

பொம்மையின் வெளிப்புறத்தை யார் வேண்டுமானாலும் தேய்த்து வழவழப்பாக்கலாம். உள்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் யாரும் தேய்ப்பதில்லை. மண்ணைக் கயிறு போலத் திரித்து, சுற்றிச் சுற்றி அடுக்கி, உள்ளே இருந்து விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டியிருந்தார்கள். அழுத்திய ஒவ்வோர் இடத்திலும் பள்ளம். வரிசை வரிசையாக விரல் பள்ளம். எல்லாம் சின்ன விரல்கள்.

அவள் கை முழங்கை வரை உள்ளே இருந்தபோது, பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பிரசவம் பார்க்கறீங்களா?"

திரும்பினாள். சிற்பி. வெள்ளைச் சட்டை, நரை ஓடிய தாடி, கூடத்தில் நிற்கும் அத்தனை முகங்களையும் விடச் சாந்தமான முகம். கைகள் பெரியவை. ஒவ்வொரு விரலும் ஒரு வாழைப்பழம்.

பட்டாசு பொம்மையை நிமிர்த்தி வைத்தான். "எங்க அக்கா எதையும் உள்ளேயிருந்துதான் ரசிப்பாங்க."

"உள்ளே விரல் சின்னதா இருக்கு" என்றாள் மௌனி.

சிற்பி சிரித்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல இருந்தது அந்தச் சிரிப்பு. "எல்லாரும் ஏமாறுற இடம் அது. மண்ணு காயும்போது சுருங்கும். சூளையில வேகும்போது இன்னும் சுருங்கும். அது சுருங்கும்போது அதுல பதிஞ்ச விரலும் சேர்ந்து சுருங்கிடும். என் விரலே எனக்குச் சின்னப்பிள்ளை விரலா திரும்பி வரும். இந்தத் தொழில்ல அது ஒரு அழகு."

"ஆகா" என்றான் பட்டாசு. "நான் கூட ஒருநாள் சூளையில படுத்து எந்திரிச்சா பழைய பேன்ட்டெல்லாம் பத்தும் போல."

"அடியில ஒரு கோடு இருக்கே?" என்றாள் மௌனி.

"சூளைச் சாம்பல். விறகு நெருப்பு எது மேல எப்படி விழும்னு யாருக்குத் தெரியும்?"

மௌனி தலையாட்டினாள். மூடிய உள்ளங்கைக்குள் அந்த நூல் குறுகுறுத்தது. அது நூல் இல்லை. புல்லின் வேர். செங்கல் வேகும் சூட்டில் புல்வேர் பிழைத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. இந்தப் பொம்மை சூளையிலிருந்து நேராக இங்கே வரவில்லை. நடுவில் எங்கேயோ மண்ணில் நட்டு வைக்கப்பட்டிருக்கிறது, வேர் ஓடும் அளவுக்கு.

ஏன் என்று தெரியவில்லை. கேட்டால் இன்னொரு அழகான பதில் வரும். அவள் கேட்கவில்லை.

சொந்தக்காரி வந்து, விலைச்சீட்டுகளில் கையெழுத்து வேண்டும் என்று சிற்பியை அழைத்துப் போனாள். மேஜைக்கு முன் உட்கார்ந்து அவர் கையெழுத்துப் போடுவதை மௌனி தூரத்திலிருந்து பார்த்தாள். வலது கை. நகங்கள் கழுவித் துடைத்த வெள்ளித் தட்டு போல இருந்தன.

அவள் மறுபடி பொம்மையிடம் வந்தாள். "இன்னொரு தடவை சாய்."

"அக்கா, சுருங்கிடும்னு அவர்தான் சொல்லிட்டாரே. நம்ம கேஸ் கூடச் சுருங்கிடுச்சு."

இந்தத் தடவை அவள் பள்ளங்களை எண்ணவில்லை, அளக்கவில்லை. அவற்றில் தன் வலது கையைப் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. மணிக்கட்டை எப்படித் திருப்பினாலும் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் வந்து நின்றது. கையை வெளியே எடுத்தாள். இடது கையை விட்டாள்.

சொந்தக் கையுறையில் நுழைந்தது போல உட்கார்ந்தது.

அடுத்த பொம்மை. இடது. அதற்கடுத்தது. இடது.

வெளியே காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"மண்ணு சுருங்கும். அவர் சொன்னது நிஜம். ஆனா வலது கை சுருங்கி இடது கை ஆகாது."

பட்டாசுக்கு அரை நொடிதான் பிடித்தது. "அந்தத் தையக்காரரோட தங்கச்சி இடது கைக்காரி!"

அவர்களை இந்த வழக்கில் இறக்கியவர் அந்தத் தையற்காரர்தான். காணாமல் போன பெண்ணின் அண்ணன். போன வாரம் வந்து, பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து மேஜையில் வைத்தார். இடது கைக்காரர்களுக்கென்று செய்த கத்தரி. தங்கைக்கு அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ரிப்பேருக்கென்று அவரிடம் கொடுத்தவள் திரும்ப வந்து வாங்கவே இல்லை. "புருஷனை விட்டுட்டுப் போறவளா இருந்தாலும், இந்தக் கத்தரியை வாங்காமப் போக மாட்டா சார்" என்றார். பட்டாசைத்தான் துப்பறிவாளர் என்று நினைத்துக்கொண்டு அவனிடமே சொன்னார். "போனை எடுக்கல, சரி. எங்கேயோ கோபமா உட்கார்ந்திருக்கான்னு நினைச்சேன். மச்சான் வீட்டு வாசல்லயே வச்சுத் திருப்பி அனுப்பிட்டார். அவ உசுரோட இருக்காளா இல்லையா, அது ஒண்ணைச் சொல்லுங்க போதும். ரெண்டுல எதுன்னாலும் நான் கேட்டுக்கறேன்."

ரெண்டுல எதுன்னாலும் என்றபோது அவர் பார்வை கத்தரியை விட்டு மேலே வரவில்லை.

"அவ போனதுக்கு அப்புறம்தான் இதெல்லாம் செஞ்சாராம். செஞ்சது இடது கை" என்றான் பட்டாசு. அவன் குரலில் வெடிக்குத் தீ வைத்த பரபரப்பு. "அப்ப அவங்க எங்கேயும் போகல. ஆளை அடைச்சு வச்சு வேலை வாங்கிட்டு, ஐயா வெள்ளைச் சட்டையில கையெழுத்துப் போடறார்!"

மௌனி யோசித்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தைக்காத ஓரம் மாதிரி ஏதோ தொங்கியது. புல்வேர். அடைத்து வைக்கிறவன் பொம்மையை எதற்கு வெளியே மண்ணில் நட வேண்டும்?

அவள் அந்த ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் பட்டாசு போனில் இருந்தான்.

"அண்ணே, உட்காருங்க முதல்ல. உட்கார்ந்துட்டீங்களா? உங்க தங்கச்சி உசுரோட இருக்காங்க."

மௌனி திரும்பினாள். கை நீட்டிப் போனைப் பிடுங்கியிருக்கலாம். இன்னும் தெரியாது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் அந்த மனிதர் அழ ஆரம்பித்தது அவளுக்கே கேட்டது. அந்த அழுகைக்குக் குறுக்கே அவளால் பேச முடியவில்லை.

அவள் மௌனமாக இருந்துவிட்டாள்.

தையற்காரர் கடை வாசலில் தயாராக நின்றார். கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் கத்தரி. வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்ல இன்னைக்கே? போலீஸ் கீலீஸ்னு நிறுத்த மாட்டாங்களே?"

"அதெல்லாம் எங்க அக்கா பார்த்துப்பாங்க அண்ணே."

"இளைச்சுப் போயிருப்பா. அளவெடுக்காமயே ரெண்டு சட்டை தைச்சு வச்சிருந்தேன். இப்ப பிடிச்சுத் தைக்கணும்."

மௌனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் முடிந்து, கிடங்குகள் முடிந்து, வேலி போட்ட காலி மனைகள் ஓடின.

சிற்பியின் பட்டறை தகரக் கூரையும் நீள முற்றமுமாக இருந்தது. கண்காட்சி முடியும் வரை சிற்பி கூடத்தை விட்டு நகர மாட்டார். கேட் வெறுமனே சாத்தியிருந்தது. பூட்டு இல்லை. அடைத்து வைத்திருக்கும் வீட்டில் பூட்டு இல்லையே என்று மௌனிக்குத் தோன்றியது. அந்த ஓரம் இன்னும் கொஞ்சம் பிரிந்தது.

உள்ளே முற்றத்தில் விறகுச் சூளை, மண் பூசிய முதுகோடு ஏதோ பெரிய மிருகம் படுத்திருப்பது போல நீண்டு கிடந்தது. பட்டறைக் கதவு அகலத் திறந்திருந்தது. வாசலுக்கு நேராக ஒரு முக்காலியில், முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்து பலகை மேல் மண்ணைக் கயிறாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

இடது கையால்.

தையற்காரர் தங்கையின் பெயரைச் சொல்லி ஓடினார். சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப்பெயர். அதைக் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள்.

அறுபதைத் தாண்டிய முகம். வெள்ளை முடியில் மண் தூசி.

 பலகை மேல் பாதி உருட்டிய மண் கயிறு தானாகப் புரண்டு நின்றது.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மௌனி ஒருத்தியைத்தான் எண்ணியிருந்தாள்.  சிற்பியின் அம்மாவுக்கு மண் தூசியே ஒத்துக்காதாம் என்று சொந்தக்காரி சொன்னபோது காதில் வாங்கியவள், அதைச் சொந்தக்காரியிடம் சொன்னது யார் என்று யோசிக்கவில்லை.

"நீங்க அண்ணன்காரரா?" என்றாள் அந்த அம்மா. "அவளுக்கு உங்க மூக்கு."

"என் தங்கச்சி எங்கம்மா?"

அந்த அம்மா ஈரத் துணியில் கையைத் துடைத்தாள். விரல் விரலாக, நிதானமாக. சின்ன விரல்கள்.

"நீங்கதான் எல்லாத்தையும் செஞ்சீங்களா?" மௌனி கேட்டாள்.

"முப்பது வருஷம் ரொட்டிக் கடையில மாவு திரிச்ச கை. மண்ணு அதைவிட லேசு. அவதான் உட்கார வச்சுச் சொல்லிக் குடுத்தா. அத்தை, உங்க கை என் கை மாதிரியே இடது கை, உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது சுலபம்னு சிரிப்பா. புத்தகத்துல படமெல்லாம் காட்டினா. இது இன்னார், இது எதுக்கு நிக்குது, எல்லாம் அவ சொன்னதுதான்." அவள் எழுந்து மூலைக்குப் போனாள். அங்கே குவித்திருந்த சாக்குகளை விலக்கினாள். அடியில் ஒரு பொம்மை. சூளையில் வெந்து, தேன் நிறத்தில், கை தூக்கியபடி. "போன சூளையில வெந்தது. இது ஒண்ணை மட்டும் ஒளிச்சு வச்சேன். இன்னைக்கு அவன் வர நேரமாகும்." தையற்காரரைப் பார்த்தாள். "ஒரு கை பிடிங்க தம்பி. தனியாத் தூக்க முடியல."

தையற்காரருக்குப் புரியவில்லை. தங்கை இருக்கும் இடத்துக்குத்தான் இப்படிக் கூட்டிப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து பொம்மையைத் தூக்கினார். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

அவர்கள் சூளையைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார்கள். மௌனி நாலடி பின்னால் போனாள். பட்டாசு அவளுக்கும் பின்னால்.

சூளைக்குப் பின்னால் ஒரு மேடு. உடைந்த ஜாடிகள், வெடித்துப்போன தட்டுகள், கழிவெல்லாம் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. எந்தப் பட்டறையிலும் இருக்கும். ஆனால் இந்த மேட்டில் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கியிருந்தார்கள். மேல்பக்கம் புல் பிடித்திருந்தது. மேட்டைச் சுற்றிப் புல் தரையில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு குழாயின் அகலம். ஒரு சாண் ஆழம். சிலவற்றில் மழைத் தண்ணீர் நின்றது. எல்லாம் காலி.

மௌனியின் கை தானாக மூடிக்கொண்டது. அதில் அந்த வேர் இன்னும் இருப்பது போல.

"அக்கா" என்றான் பட்டாசு.  அவன் முகத்தில் அவள் பார்த்தே இராத ஒரு நிறம்.

"போலீஸுக்குப் போன் போடு, கண்காட்சிக் கூடத்துக்கு வண்டி அனுப்பச் சொல்லு" என்றாள் மௌனி மெதுவாக. "ஆளை விடக் கூடாது. இங்கேயும் ஆள் வேணும், தோண்டறதுக்கு."

அவன் போனை எடுத்துக்கொண்டு சூளையின் மறுபக்கம் போனான். அவன் குரல் கேட்டது. அவன் குரல் போலவே இல்லை.

அந்த அம்மா ஒரு குழியைக் காட்டினாள். இருவரும் பொம்மையை அதில் இறக்கினார்கள். அவள் மண்டி போட்டு, சுற்றிலும் மண்ணைத் தள்ளி இடது கையால் அழுத்தினாள். தையற்காரர் நிமிர்ந்து கை தட்டிக்கொண்டார். பொம்மை மேட்டைப் பார்த்து நின்றது.

"திருப்பி வைங்க தம்பி" என்றாள் அவள். "முகம் வெளியே பார்க்கணும். காவலுக்கு நிக்கறவங்க உள்ளே பார்த்தா, வர்றவனை யார் தடுக்கறது?"

காலையிலிருந்து உறுத்திய தலைகீழ் எது என்று மௌனிக்கு இப்போது தெரிந்தது. கூடத்தில் அத்தனை முகமும் உள்ளே பார்த்தது. வைத்தவருக்கு அது வேடிக்கைப் பொருள். இவள் வைத்தது வேறு எதற்கோ.

"எத்தனை செஞ்சு வச்சாலும் எடுத்துட்டுப் போயிடறான்" என்றாள் அந்த அம்மா. அவள் தையற்காரரைப் பார்த்துப் பேசவில்லை. மண்ணைப் பார்த்துப் பேசினாள். "முதல்ல பார்த்தப்ப ஒடைச்சுடுவானோன்னு பயந்தேன். ஒடைக்கல. சுத்திச் சுத்தி வந்து பார்த்தான். நல்லா இருக்கேம்மான்னான். மறுநாள் வண்டி வந்து ஏத்திட்டுப் போச்சு. நான் மறுபடி செய்வேன். மறுபடி ஏத்துவான். பொண்ணு தனியாப் படுத்திருக்காளேன்னு மறுபடி செய்வேன்."

"யாரு?" என்றார் தையற்காரர். "எங்க படுத்திருக்கா?"

அவர் பட்டாசைத் தேடினார். காலையில் நல்ல சேதி சொன்னவன் அவன்தான். பட்டாசு சூளைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டான்.  தரையைப் பார்த்தான்.

தையற்காரர் மௌனியின் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களில் பதில் ஏற்கெனவே வந்து வாசலில் நின்றது. உள்ளே விடத்தான் அவருக்கு மனம் இல்லை.

காரில் சொல்லாமல் விட்ட இரண்டு வார்த்தை மௌனிக்கு ஞாபகம் வந்தது. இதையும் சொல்லாமல் விட முடியாது. வேறு யாரும் சொல்லவும் கூடாது.

"இங்கதான்" என்றாள். "உங்க தங்கச்சி இங்கதான் இருக்காங்க. போன மழைக்கு முன்னாலேருந்து. காலையில உங்களுக்குச் சொன்னது தப்பு. அதைத் தடுக்காதது என் தப்பு."

காற்று புல்லைத் தடவிக்கொண்டு போனது. தையற்காரரின் கழுத்தில் அளவு நாடா லேசாக ஆடியது. அவர் அழவில்லை. காலையிலேயே அழுது தீர்த்துவிட்டிருந்தார், வேறு காரணத்துக்காக.

"என்ன பண்ணினான்?" என்று கேட்டார்.

"கை ஓங்கினான்" என்றாள் அந்த அம்மா. "எப்பவும் ஓங்கறதுதான். எப்பவும் அவ எந்திரிச்சுடுவா. அன்னைக்கு எந்திரிக்கல."

"நீங்க பார்த்துட்டு இருந்தீங்களா?"

அவள் கையில் ஒட்டிய மண்ணை உதறினாள். "பெத்துட்டேனே தம்பி."

  அவர் ஒரு அடி எடுத்து அவளை நோக்கி வந்தபோது பட்டாசு பதறி முன்னால் நகர்ந்தான். மௌனி கை காட்டி நிறுத்தினாள். தையற்காரர் அந்த அம்மாவைத் தாண்டிப் போனார். பொம்மை முன் குனிந்தார். அதன் இரண்டு தோள்களையும் பிடித்தார். சட்டை போட்டுப் பார்க்க வந்தவர்களைக் கண்ணாடி முன் நிறுத்தித் திருப்புவாரே, அப்படி அதை மெல்லத் திருப்பினார். முகம் மேட்டை விட்டு விலகி, கேட்டைப் பார்த்தது. தூக்கிய கை கேட்டைப் பார்த்தது. அவர் சற்றுப் பின்னால் வந்து பார்த்தார். ஒரு தோள் தாழ்ந்திருந்தது. குனிந்து அடியில் கொஞ்சம் மண் வைத்து நேராக்கினார்.

பிறகு துணிப்பையிலிருந்து கத்தரியை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. அந்த அம்மாவுக்கும் அது கேட்டது. அவள் உடம்பு ஒரு தடவை குறுகியது. மகனின் வண்டி என்று நினைத்திருக்கலாம். இரண்டு கைகளாலும் பொம்மையை அணைத்துக்கொண்டாள்.

"இதையும் எடுத்துட்டுப் போயிடுவானா?" என்று மௌனியைக் கேட்டாள்.

"மாட்டான்" என்றாள் மௌனி. "இனிமே மாட்டான்."